காங்கேயம் காளை தெரியும்... அதை வளர்த்த கொறங்காடு தெரியுமா? ஓர் ஊரின் கதை

காங்கேயம் என்றதும் பலருக்கு மனசில் வருவது ஊர் இல்லை, காளைதான். நிமிர்ந்த திமில், வளைந்து மேலேறும் கொம்பு, கருஞ்சாம்பல் உடம்பு. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது டி-ஷர்ட், பேனர், புரொஃபைல் படம் என எங்கும் இருந்தது இந்த உருவம். 2000ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு மாட்டினங்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளிலும் காங்கேயம் உண்டு.

ஆனால் இந்த மாடு எதைத் தின்று, எந்த மண்ணில் நடந்து இப்படி ஆனது என்று கேட்டால் கொங்கு மண்டலத்துக்கு வெளியே பதில் தெரிந்தவர்கள் கம்மி. பதில் ஒரே வார்த்தைதான்: கொறங்காடு. காளைக்கு விழா இருக்கிறது, சந்தை இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே இருக்கிறது. கொறங்காட்டுக்கு அப்படி எதுவும் பெரிதாக இல்லை. காங்கேயத்தின் இன்றைய கவலை அங்கேதான் இருக்கிறது.

எங்கே இருக்கிறது காங்கேயம்?

திருப்பூருக்குத் தென்கிழக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். கோவையில் இருந்து கரூர், திருச்சி போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போவார்கள். பழைய கொங்கு நாட்டை 24 நாடுகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கத்தில் 'காங்கேய நாடு' ஒன்று. பிற்காலத்தில் கோவை மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் என ஊர் அப்படியே இருக்க மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. காங்கயம், காங்கேயம் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பஸ் போர்டில் ஒன்று இருக்கும், கடைப் பலகையில் இன்னொன்று இருக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடும். மீதி மாதங்களில் வெயிலும் காற்றும்தான். இந்த ஊரின் பெருமை என்று சொல்லப்படுகிற பல விஷயங்கள் இந்த வறட்சியில் இருந்தே வந்தவை.

கொறங்காடு என்றால் என்ன?

பெயரில் காடு இருந்தாலும் வனத்துறைக் காடு இல்லை. கொங்கு வழக்கில் மானாவாரி நிலத்துக்கே 'காடு' என்றுதான் பெயர். நீர் பாயும் நிலம் வயல், கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், இரண்டும் இல்லாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த நிலம் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம், தாராபுரம் வட்டாரத்திலும் அதை ஒட்டிய கரூர்ப் பகுதியிலும் இது பரவியிருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம், இது பொது மேய்ச்சல் நிலம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான பட்டா நிலம். இந்தியாவின் பல பகுதிகளில் மேய்ச்சல் என்றாலே புறம்போக்கு, மந்தைவெளி, காட்டோரம் என்றுதான் இருக்கும். இங்கே ஒரு விவசாயி தன் சொந்த நிலத்தை உழாமல், புல்லுக்காக ஒதுக்கி, வேலி போட்டு, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார். விளங்காத நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. சும்மா கிடக்கிற நிலம் இல்லை அது. அதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வேலி. கிளுவை மரத்தின் போத்துகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் உயிர்வேலி. முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டால் ஆடு, மாடு நுழைய முடியாது. வெட்டினால் மறுபடி தழைக்கும், அதன் தழை ஆட்டுக்குத் தீனி. இரண்டு பேர் காட்டு வேலிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடி வண்டித்தடத்துக்குப் பெயர் இட்டேரி. கௌதாரி, முயல், கீரி, ஓணான், பாம்பு எல்லாம் குடியிருக்கும் இடம் அது. கொங்குப் பகுதியில் வளர்ந்த எவரிடமாவது இட்டேரி பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு சீக்கிரம் முடியாது.

அடுத்து மரம். கொறங்காட்டில் அதிகம் நிற்பது வெள்வேல மரம். இதன் நிழல் அடர்த்தியாக இருக்காது. அதனால் மரத்தடியிலும் புல் முளைக்கும். கோடையில் தரையில் பச்சை என்று ஒன்றும் இல்லாத நேரத்தில் இந்த மரம் காய் உதிர்க்கும். ஆடுகளுக்கு அதுதான் கோடைத் தீவனம்.

பிறகு புல். பெயர் கொழுக்கட்டைப் புல். ஆழமாக வேர் விடும், மழை இல்லாவிட்டால் காய்ந்து கட்டையாக நிற்கும், ஒரு மழை பட்டால் அதே கட்டையில் இருந்து துளிர்க்கும். மழை பெய்தவுடன் மாட்டை உள்ளே விடமாட்டார்கள். புல் வளர்ந்து விதை பிடிக்கும்வரை கடவை மூடி வைப்பார்கள். கடவு என்றால் வேலியில் விட்டிருக்கும் வாசல். காட்டைச் சில பகுதிகளாகப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்றில் மேய விடுவதும், சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து மறுபடி புல்லுக்கு விடுவதும் பழக்கம். 'சுழற்சி மேய்ச்சல்' என்று இன்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிற விஷயத்தை இங்கே பாட்டன் காலத்திலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

உயிர்வேலி இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. காலையில் கடவைத் திறந்து விட்டால் மாலையில் ஓட்டி வந்தால் போதும். மாட்டோடு மேச்சேரி, மயிலம்பாடி செம்மறி ஆடுகளும் மேயும். கையில் காசு இல்லாத நேரத்தில் இரண்டு ஆட்டை விற்றால் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிவிடலாம். மழை பொய்த்த ஆண்டில் சோளம் கருகும், கொறங்காடு மட்டும் ஏதோ கொஞ்சம் கொடுக்கும். அதனால்தான் வைத்திருந்தார்கள்.

இந்த மண்ணுக்கு ஏற்ற மாடு

கல்லும் சரளையுமான இந்தக் காட்டில், காய்ந்த புல்லைத் தின்று, வெயிலில் நடந்து வளர்ந்த மாட்டுக்கு உறுதியான குளம்பும் கட்டான உடம்பும் அமைந்தன. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். சுமார் 6 மாதத்தில் நிறம் மாறத் தொடங்கி சாம்பலாகும். காளைக்குத் திமில், கழுத்து, முன்தொடை, பின்தொடை கருத்து வரும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும். சந்தையில் மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டைக் கூப்பிடுவார்கள். மயிலை என்றால் சாம்பல், பிள்ளை என்றால் வெள்ளை, செவலை சிவப்பு, காரி கறுப்பு. இனவிருத்திக்கு விடும் காளைக்கு இங்கே பூச்சிக்காளை என்று பெயர்.

இனம் தானாக அமைந்துவிடவில்லை. நல்ல காளையைத் தேர்ந்து, நல்ல பசுவோடு சேர்த்து, பல தலைமுறை கவனித்து வளர்த்த வேலை அது. கால்நடை நூல்களில் இதற்காகத் தனியாகக் குறிப்பிடப்படும் பெயர், பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார். காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டையில் அவர் பராமரித்த மந்தை, இனத்தின் தரத்தை நிலைநிறுத்தியதில் பெரிய பங்கு வகித்தது.

இது பாலுக்கான மாடு இல்லை, உழைப்புக்கான மாடு. ஏர், பாரவண்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கவலை. கிணற்று மேட்டில் சரிவாக அமைத்த பாதையில் இரண்டு எருதுகள் முன்னே இறங்கி வடக்கயிற்றை இழுக்க, சால் மேலே வரும். பின்னே ஏற, சால் இறங்கும். ஆழக் கிணற்றில் விடியற்காலை தொடங்கி பல மணி நேரம் இதே வேலை நடக்கும். அந்தச் சாலுக்கு வேண்டிய தோல் வேலையைச் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர் குடும்பங்கள். மாடும் காடும் பெரும்பாலும் கவுண்டர் குடும்பங்களிடம், தோலும் காட்டு வேலையும் அருந்ததியரிடம் என்று இருந்த அந்த ஏற்பாட்டில் சாதியின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே இருந்தது. பழைய வாழ்க்கையை அழகாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக்கதைதான் சொன்னதாகும்.

மாடு ஏன் குறைந்தது?

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. அதன்பின் கிணறுகளில் மின்மோட்டார் ஏற ஏறக் கவலை நின்றது. அடுத்து டிராக்டர் வந்து ஏரும் வண்டியும் நின்றன. எந்த வேலைக்காக இந்த மாட்டை உருவாக்கினார்களோ அந்த வேலையே போய்விட்டது.

பால் கணக்கு பார்த்தால் காங்கேயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கொடுத்தாலே நல்ல பசு. ஜெர்சி, எச்.எஃப். கலப்பினம் அதைப் போலப் பல மடங்கு கறக்கும். பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கில்தான் காசு. விவசாயி யாரை வைத்துக்கொள்வார்? இப்போ 'ஏ2 பால்' என்று நாட்டு மாட்டுப் பாலுக்குத் தனி விலை கிடைக்கிற இடங்கள் இருக்கின்றன. அதைப் பற்றிச் சொல்லப்படும் உடல்நல நன்மைகள் எல்லாம் அறிவியல்பூர்வமாக உறுதியானவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த விலைக்காக நாலு பசுக்கள் பிழைத்திருக்கின்றன என்பது உண்மை.

மூன்றாவது காரணம் பனியன். திருப்பூர்க் கம்பெனி வேன் காலையில் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று ஏதோ ஒரு வேலை, சனிக்கிழமை ஆனால் சம்பளம். மாட்டுப் பின்னால் போகிற வாழ்க்கையில் வாரச் சம்பளம் கிடையாது. நிலமில்லாத குடும்பங்களுக்கோ, பண்ணையத்தில் இருந்து வெளியேறக் கிடைத்த வழியும் அதுதான். இன்னொரு பக்கம், திருப்பூரின் பனியன் முதலாளிகளில் கணிசமானவர்கள் இதே மாதிரி வறண்ட காட்டு விவசாயக் குடும்பங்களில் இருந்து போய், தொழிலாளியாக வேலை செய்து மேலே வந்தவர்கள். ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைத்தான் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆக, காங்கேயத்துக் காடும் திருப்பூர் மெஷின் சத்தமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை இல்லை.

ஜல்லிக்கட்டால் காளை பிழைத்ததா?

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்தப் போராட்டக் காலத்தில் நாட்டு மாட்டினங்கள் பற்றி அதிகம் பேசியவர்களில் ஒருவர், காங்கேயம் அருகே குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையத்தை நடத்தும் கார்த்திகேய சிவசேனாபதி.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வாடிவாசல் ஜல்லிக்கட்டு மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து மரபு. கொங்குப் பகுதியில் பழகியது ரேக்ளா, அதாவது இரட்டை மாடு பூட்டிய சின்ன வண்டிப் பந்தயம். போராட்டத்தின் முகமாக இருந்த காங்கேயம் காளை, அடிப்படையில் ஏரும் கவலையும் இழுத்த காளை. அந்தப் போராட்டம் இந்த இனத்துக்கு விளம்பரம் கொடுத்தது, விலையும் கொடுத்தது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்கவில்லை.

துண்டுக்குள் நடக்கும் வியாபாரம்

நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயம் மாட்டுக்கென்றே சந்தை கூடுகிறது. வருஷத்தில் பெரிய சந்தை என்றால் அது கண்ணபுரம். ஓலப்பாளையம் அருகே உள்ள கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை. பல மாவட்டங்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனாலும் காங்கேயம் மாட்டைப் பார்க்கலாம். ஆனால் கண்ணபுரம் இந்த இனத்தின் சொந்த வீடு மாதிரி.

வாங்க வருபவர் முதலில் வாயைப் பிடித்துப் பல்லைப் பார்ப்பார். பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்பதுதான் வயசுக் கணக்கு. அடுத்து சுழி. நெற்றி, முதுகு, விலா என்று எந்த இடத்தில் மயிர்ச்சுழி இருக்கிறது என்பதை வைத்து ராசியானது, ஆகாதது என்பார்கள். நடக்க விட்டுப் பார்ப்பார்கள். விலை பேசும்போது தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகை சொல்வார். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஜிபே வந்த பிறகும் இந்தத் துண்டு மறையவில்லை.

தைப் பொங்கலுக்கு அடுத்த நாள் மற்ற ஊர்களில் மாட்டுப் பொங்கல் என்றால் இங்கே பட்டிப் பொங்கல். பட்டி என்பது கால்நடைகளை அடைக்கும் இடம். அங்கேயே பொங்கல் வைத்து, மண்ணிலோ சாணத்திலோ சின்னத் தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, மாட்டை அதைத் தாண்ட விடுவார்கள். மாடே இல்லாத வீடுகளில் இருந்தும் இந்த ஒரு நாளைக்குப் பங்காளி வீட்டுப் பட்டிக்கு வந்துவிடுகிறார்கள்.

சிவன்மலை: செய்திக்கு வரும் பெட்டி

காங்கேயம் பற்றி டிவியில் அடிக்கடி வருகிற இன்னொரு செய்தி, சிவன்மலை 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி'. காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே மலை மேல் இருக்கும் சுப்பிரமணிய சுவாமி கோயில் இது. பெயர் சிவன்மலை என்றாலும் சாமி முருகன். பட்டாலியூர் என்ற பெயரில் அருணகிரிநாதர் திருப்புகழில் இடம்பெற்ற தலம். தைப்பூசத் தேர் இங்கே பெரிய விசேஷம்.

பெட்டி நடைமுறை இதுதான். யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து, இன்ன பொருளைப் பெட்டியில் வை என்று சொன்னதாக அவர் கோயிலுக்கு வந்து தெரிவிப்பார். சாமி முன் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அடுத்த பக்தருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். நாள் கணக்கு எதுவும் கிடையாது.

மண், மஞ்சள், சர்க்கரை, தண்ணீர், தங்கம் என்று எத்தனையோ பொருட்கள் வந்து போயிருக்கின்றன. வைக்கப்படும் பொருள் சமுதாயத்தில் ஏதாவது தாக்கத்தை ஏற்படுத்தும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்த பிறகு 2004 சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள். பொருள் மாறிய அன்றே சேனல்களில் ஸ்க்ரோலிங் ஓடும், மஞ்சள் என்றால் மஞ்சள் வியாபாரி போனை எடுப்பார். நடந்து முடிந்த பிறகு பொருத்திப் பார்ப்பது எல்லாருக்கும் எளிது என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கனவு கண்டேன் என்று வந்து சொல்பவர் பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊர்க்காரரும், ஆணோ பெண்ணோ வந்து சொல்லலாம்.

ஓலப்பாளையத்தில் பதிவான காவியம்

கண்ணபுரம் சந்தையைச் சொல்லும்போது வந்த ஓலப்பாளையத்துக்கு உலக மானுடவியலில் ஓர் இடம் உண்டு என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இங்கே வந்து தங்கினார். கொங்கு நாட்டுச் சாதிகளின் வாழ்க்கை முறை பற்றி அவர் எழுதிய நூல் 1972இல் வெளியானது.

அங்கே இருந்தபோது அவர் செய்த இன்னொரு வேலை, அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தது. பொன்னர் – சங்கர், தங்கை அருக்காணி நல்லதங்காள் ஆகியோரின் கதை அது. ஏடு வைத்துப் படிப்பதில்லை, உடுக்கை அடித்துக்கொண்டு மனசில் இருந்தே பாடுவார்கள். பின்னாளில் அந்தப் பதிவு நூலாக வந்தது, அனிமேஷன் தொடராகவும் ஆனது. உடுக்கடிப் பாட்டை இரவு முழுக்க உட்கார்ந்து கேட்கிற கூட்டம் இப்போ சுருங்கிவிட்டது. அதே நேரம் வள்ளி கும்மிக்குக் கொங்குப் பகுதியில் பெரிய மறுபிறப்பு. கோவைப் பகுதிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் ஊர் ஊராகப் பயிற்சி எடுத்து அரங்கேற்றம் செய்கிறார்கள்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த வட்டாரம் வேறு வழியில் அறிமுகம். இங்கே கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட 'நாகம்மாள்' நாவல், தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்களால் பேசப்படுவது. புருஷனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அதுதான் கதை. இந்த மண்ணில் நிலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது கஷ்டம்.

சின்னமலையும் படியூர்க் கல்லும்

தீரன் சின்னமலை பிறந்த மேலப்பாளையம் காங்கேயம் பக்கம்தான். 1756இல் பிறந்தவர், இயற்பெயர் தீர்த்தகிரி. திப்பு சுல்தானோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். திப்பு மறைந்த பிறகும் ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போராடினார். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடி 18 அன்று அவருக்கு அஞ்சலி செலுத்துவது கொங்குப் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் நடப்பது.

அவருக்கும் வெகுகாலம் முந்தைய பெருமை ஒன்று காங்கேயம் – திருப்பூர் சாலையில் உள்ள படியூரில் இருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த பெரில் என்ற மணிக்கல் கிடைத்த இடம் அது. பெரில் கல் இந்தியாவில் இருந்துதான் வருகிறது, வேறு இடங்களில் அரிது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நொய்யலின் மறுகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிக்கல் அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைத் தடயங்கள், இரும்பு உருக்கிய தடயங்கள், தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆங்கிலேயர் காலத்தில் 1819–20 வாக்கில் படியூரில் மறுபடி கல் தோண்டினார்கள். புல்லும் கல்லும் மட்டுமே உள்ள பூமி என்று பார்த்தால், அந்தக் கல்லே கடல் தாண்டிப் போயிருக்கிறது.

தண்ணீரும் எண்ணெயும்

இன்றைய காங்கேயம் நகரத்தின் பொருளாதாரம் மாட்டை நம்பி இல்லை. அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் ஆலை, கொப்பரைக் களம். ஊரைச் சுற்றி வண்டியில் போனால் சிமெண்டுக் களங்களில் தேங்காய் உடைத்துக் காயப் போட்டிருப்பதை வரிசையாகப் பார்க்கலாம். மழை கம்மி, வெயில் ஜாஸ்தி என்பது விவசாயிக்குக் கஷ்டம், கொப்பரைக் களத்துக்கு வரம். வெளி மாவட்டங்களின் தேங்காய்கூட இங்கே வந்து காய்ந்து எண்ணெயாகிப் போகிறது. ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்பது இந்தப் பகுதி விவசாயிகள் பல வருஷமாக வைக்கும் கோரிக்கை.

பாசனத்துக்கு நம்பியிருப்பது பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் வெள்ளகோவில் கிளைக் கால்வாய். கடைமடை என்பதால் எங்கள் பங்குத் தண்ணீர் வந்து சேருவதில்லை என்று காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருப்பது திரும்பத் திரும்ப வரும் செய்தி. வடக்கே ஓடும் நொய்யலோ திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்டது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாக மாறி, சுற்றியுள்ள கிணறுகளும் நிலமும் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு வரை அது போனது.

கொறங்காட்டுக்கு இப்போ என்ன ஆபத்து?

தண்ணீர் வந்தால் கொறங்காடு தென்னந்தோப்பாகிறது. வராவிட்டால் விற்பனைக்கு வருகிறது. சோலார் பேனல், காற்றாலை, மனைப்பிரிவு, கோழிப்பண்ணை என்று வாங்க ஆள் இருக்கிறது. விலை மலிவான, சமமான நிலம் என்பது சூரிய மின்சாரக் கம்பெனிக்கு வசதி. 2018, 2019 வாக்கில் உயர் மின்கோபுரங்கள் விளைநிலம் வழியாகப் போவதை எதிர்த்து இந்த வட்டாரத்தில் போராட்டங்களும் நடந்தன. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் ஒரு கொறங்காட்டை 'தரிசு' என்று காகிதத்தில் எழுதிவிட்டால், அதன் மதிப்பு பூஜ்யம் என்று கணக்கு ஆகிவிடுகிறது. அங்கே நிற்கும் புல்லுக்கும் வேலிக்கும் எந்தப் பத்தியிலும் இடமில்லை.

இன்னொன்று பாகப்பிரிவினை. 10 ஏக்கர் காடு நாலு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு இரண்டரை ஏக்கர். அதில் சுழற்சி மேய்ச்சல் செய்ய முடியாது. பங்கு வேலிக்குக் கிளுவைப் போத்து நட்டு வளர்க்க வருஷக்கணக்கில் ஆகும், கம்பிவேலி ஒரே வாரத்தில் போட்டுவிடலாம். கிளுவை போனால் இட்டேரியும் போகும்.

சத்தியமங்கலத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் காங்கேயம் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஓசூர் அரசுப் பண்ணையிலும் இந்த இனம் பராமரிக்கப்பட்டு வந்திருக்கிறது. உறைவிந்து வைத்து இனத்தைக் காப்பாற்றலாம், தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டும் வளர்க்கலாம். ஆனால் சோளத்தட்டும் தீவனமும் விலைக்கு வாங்கிப் போட்டு, இரண்டு லிட்டர் கறக்கும் பசுவை வைத்துக் கட்டுப்படியாகுமா என்பதுதான் சின்ன விவசாயியின் கேள்வி. கொறங்காடு இருந்தவரை அந்தச் செலவு இல்லை. ஆசைக்கு மாடு வளர்க்கும் வசதி உள்ளவர்கள் கையில் காளை மிஞ்சும், சாதாரண வீட்டுப் பட்டியில் மிஞ்சாது என்ற பயம் அதனால்தான்.

நேரில் பார்க்க வேண்டுமா?

திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர் எல்லா ஊரில் இருந்தும் காங்கேயத்துக்கு பஸ் உண்டு. மாடு பார்க்க ஞாயிறு காலை பழையகோட்டை, சித்திரை என்றால் கண்ணபுரம். சிவன்மலைக்குத் தைப்பூசத்தில் கூட்டம் அதிகம், சாதாரண நாளில் போனால் பெட்டியை நின்று நிதானமாகப் பார்க்கலாம். கொறங்காட்டுக்குப் போர்டு எதுவும் இருக்காது. வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் போகும் சாலைகளில் இருந்து உள்ளே பிரியும் எந்தக் கிராமத்துத் தடத்தில் திரும்பினாலும் கண்ணில் படும். வடகிழக்கு மழை முடிந்த மார்கழி, தையில் புல் பச்சையாக நிற்கும். எல்லாமே தனியார் நிலம் என்பதால் தோட்டத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது கடவைச் சாத்திவிட்டு வர வேண்டும். திறந்து கிடந்தால் பண்டம் வெளியே போய்விடும்.